முதலுதவி வகுப்பா? சொல்லித் தருபவரின் அட்டையைக் கேளுங்கள்

வணக்கம் நேயர்களே. பினாங்கில், பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் உள்ள தொழிற்சாலைகள் முதலுதவி வகுப்புக்கு ஆள் தேடும்போது முதலில் கேட்பது விலை. அடுத்தது, "எச்ஆர்டி கோர்ப்பில் கிளேம் பண்ணலாமா?" கேட்க வேண்டியதுதான். ஆனால் நிறுவனங்கள் ஊழியர் பயிற்சிக்காக எச்ஆர்டி கோர்ப் என்ற அரசு அமைப்பில் கட்டும் லெவி பணத்தில் கிளேம் கிடைப்பதற்கும், வருகிறவருக்கு முதலுதவி சொல்லித் தர அதிகாரம் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. பயிற்றுநர்களுக்கான 'டிரெயின் த டிரெய்னர்' (டிடிடி) சான்றிதழும் அப்படித்தான். பாடம் நடத்தத் தெரியும் என்கிறதே தவிர, எந்தப் பாடம் என்று சொல்வதில்லை.

முதலுதவி கற்றதற்கான சான்றிதழ் வேறு, கற்பிப்பதற்கான சான்றிதழ் வேறு. முதலாவதை நீட்டியே வகுப்பெடுப்பவர்கள் உண்டு. செம்பிறைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ, எந்தப் பெயரைச் சொன்னாலும் பயிற்றுநர் அட்டையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். சந்தேகமென்றால் அந்த அமைப்பையே கேட்டுவிடுங்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் பயிற்றுநர் அட்டை 2 ஆண்டுதான் செல்லும். புதுப்பிக்க, அதற்குள் குறைந்தது 4 வகுப்பு எடுத்திருக்க வேண்டும். அவர் நடத்துவதை இன்னொருவர் உட்கார்ந்து மதிப்பிட்டிருக்கவும் வேண்டும்.

அடுத்தது, இதயம் நின்றவருக்குச் செய்வதுபோல நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதிப் பழகும் பொம்மை. 30 பேருக்கு ஒரே பொம்மை என்றால், ஆளுக்கு 2 நிமிடம் அழுத்தினாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும். மூவருக்கு ஒன்று இருந்தால் அதே நேரத்தில் ஆளுக்கு 20 நிமிடம். ஸ்பிரிங் தளர்ந்த பொம்மை இன்னும் மோசம். லேசாக அழுத்தினாலே நெஞ்சு இறங்கிவிடும். அதில் பழகிய கை, மனித நெஞ்சை 5 சென்டிமீட்டர் அழுத்தத் தயங்கும். உள்ளே காற்றுப்பை கிழிந்திருந்தால் எவ்வளவு ஊதினாலும் நெஞ்சு எழும்பாது. பழகுபவர் தன்மேல்தான் தப்பு என்று மேலும் பலமாக ஊதுவார். நிஜ ஆளிடம் அதே பழக்கம் வந்தால் காற்று வயிற்றுக்குள் போய், வாந்தி மேலேறி மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம்.

30 அழுத்தத்துக்கு 15 முதல் 18 விநாடி ஆக வேண்டும். 12 விநாடியில் முடித்தவரைப் பார்த்து 'நல்ல சுறுசுறுப்பு' என்று கைதட்டும் வகுப்புகள் உண்டு! அந்த வேகத்தில் நெஞ்சு முழுதாக மேலெழாது, இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இதைப் பிடிக்க, கடிகாரத்தோடு பயிற்றுநர் பக்கத்தில் முட்டி போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவரால் 6 பேரை அப்படிப் பார்க்க முடியும். 30 பேரை முடியாது.

தைப்பூசத்துக்கு முன் தண்ணீர்மலை முருகன் கோயில் தொண்டர்களுக்கு வகுப்பு ஏற்பாடு செய்பவர்கள் முன்பணம் கொடுக்குமுன் இன்னொன்றும் கேளுங்கள்: செய்முறைத் தேர்வில் தவறியவரை என்ன செய்வீர்கள்? மறுபடி பழக்கி, மறுபடி சோதிப்போம் என்றால் சரி. "எங்கள் வகுப்பில் எல்லாருமே பாஸ்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.