இறால் தலை கறுத்திருந்தால் வாங்கலாமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிவிடுகிறேன். இறாலில் எதைப் பார்ப்பது? தலை கறுத்திருந்தால் கெட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். கடைக்காரரோ அதெல்லாம் ஒன்றுமில்லை என்கிறார். யாரை நம்புவது?"

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி சரி. இறால் செத்த பிறகு அதன் உடம்பில் இருக்கும் ஒரு நொதி, காற்று பட்டதும் இந்தக் கறுப்பை உண்டாக்குகிறது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறதே, அதே வகை வேலைதான். கிருமியால் வருவதில்லை, கறுப்பு மட்டும் உடம்புக்குக் கெடுதலும் செய்யாது. ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது, அல்லது ஐஸ் சரியாகப் போடவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கும். தலையில் லேசாக ஆரம்பித்திருந்து, மற்றதெல்லாம் நன்றாக இருந்தால், அன்றைக்கே சமைக்க வாங்கலாம். கால், வால், ஓட்டின் ஓரம் என்று பரவியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

சரி, கறுப்பே இல்லையென்றால் புதுசா? அப்படியும் சொல்ல முடியாது. கறுக்காமல் இருப்பதற்காக சல்பைட் கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பதுண்டு. ஆஸ்துமா இருக்கிற சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அப்புறம், புலி இறாலின் உடம்பில் இருக்கும் கறுப்புப் பட்டை அதன் பிறவி நிறம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அதனால் நான் நிறத்தைவிடக் கழுத்தைத்தான் நம்புவேன். இறாலுக்கு ஏது கழுத்து என்று கேட்காதீர்கள், தலையும் உடம்பும் சேருகிற இடத்தைச் சொல்கிறேன். ஒன்றைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அசையுங்கள். நல்ல இறாலில் அந்த இடம் இறுக்கமாக இருக்கும். தலைக்குள் ஒரு செரிமானச் சுரப்பி இருக்கிறது. இரையைக் கரைக்க வேண்டிய அதன் நொதிகள், இறால் செத்ததும் பக்கத்துத் தசையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். முதலில் சின்ன இடைவெளி தெரியும், பிறகு மஞ்சளாகவோ பழுப்பாகவோ கசியும், கடைசியில் தலை தொங்கிவிடும். சல்பைட் நிறத்தை மறைக்கலாம், இந்தத் தளர்ச்சியை மறைக்காது.

கையில் எடுத்ததை அப்படியே விரலால் அழுத்தியும் பாருங்கள். சதை உடனே எழும்ப வேண்டும். ஓடு பளபளப்பாக, சதையோடு ஒட்டி இருக்க வேண்டும். தொட்டால் பிசுபிசுப்பு கூடாது. ஓடு மட்டும் மெத்தென்று இருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வளரும்போது பழைய ஓட்டைத் தானே கழற்றிவிட்டு, புது ஓடு இன்னும் இறுகாத இறாலாக இருக்கலாம். ஆனாலும் நான் வாங்க மாட்டேன், சதை தளதளவென்று தண்ணீராக இருக்கும்.

முகர்ந்து பார்க்க வெட்கப்படாதீர்கள். கடல் தண்ணீர் வாடை மெலிதாக வந்தால் நல்லது. மூக்கில் ஏறுகிற அமோனியா நெடி அடித்தால் பேச்சே இல்லை, எத்தனை முறை கழுவினாலும் போகாது.

சிலர் உரித்த இறாலையே கேட்டு வாங்குகிறார்கள். தலையும் ஓடும் போனால் எடையில் கிட்டத்தட்ட பாதி போய்விடும் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் நாம் பார்க்க வேண்டிய இடங்களும் அதோடு போய்விடுகின்றனவே! எடை கூட்ட பாஸ்பேட் தண்ணீரில் ஊறவைத்தாலும் உரித்த இறாலில் கண்டுபிடிப்பது கஷ்டம். வாணலியில் போட்டதும் தண்ணீர் விட்டுச் சுருங்கும்போதுதான் தெரியும். முழுசாகப் பார்த்து எடுத்து, எடை போட்ட பிறகு கண் முன்னால் உரித்துத் தரச் சொல்லுங்கள்.

உறைய வைத்ததா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உறைந்து உருகிய இறாலும் சாப்பிட நல்லதுதான், ஆனால் வீட்டில் மறுபடி ஃப்ரீசரில் வைத்தால் சதை சவசவத்துவிடும். அதை அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.