குழந்தையின் தோலைத் தொலைவிலிருந்து காட்டும்போது

வணக்கம் நேயர்களே.

தோல் மருத்துவரிடம் நேரில் போனால் அவர் தடிப்பைத் தடவிப் பார்ப்பார், அழுத்திப் பார்ப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அலைபேசி வழியே காட்டும்போது இந்த மூன்றையும் அவருக்காகச் செய்யவேண்டியவர் குழந்தையின் அம்மாவோ அப்பாவோதான். படமும் விவரமும் சரியாக இருந்தால்தான் மருத்துவரின் முடிவும் சரியாக இருக்கும்.

வீடியோ அழைப்பை மட்டும் நம்பவேண்டாம். பேசுவதற்கு அது நல்லது. ஆனால் நுண்ணிய செதிலும் கடுகளவு கொப்புளமும் அதில் மங்கிப்போகும். படங்களை முன்கூட்டியே எடுத்து அனுப்பிவிடுங்கள்.

எண்ணெய், பவுடர், களிம்பு இருந்தால் துடைத்துவிட்டு, பகலில் ஜன்னலோரமாக எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், தோல் பளபளத்து மேடு பள்ளம் தெரியாது. அழகூட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது தடிப்பையே அழித்துவிடும். முதல் படம் தள்ளி நின்று, முழுக் கையோ முதுகோ தெரியும்படி. இரண்டாவது ஒரு சாண் தூரத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து. அதைவிட நெருங்கினால் பல அலைபேசிகளில் படம் கலங்கும். திரையில் தடிப்பின் மேல் விரலால் தொட்டு, தெளிவானதும் எடுங்கள். மூன்றாவது பக்கவாட்டில் சாய்த்து, மேட்டின் நிழல் விழும்படி. கைக்குழந்தை அசைந்துகொண்டே இருந்தால் தூங்கும் நேரம் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச்சேரும். அந்தரங்க உறுப்புப் பகுதி என்றால் படமே எடுக்காமல் நேரில் காட்டுவதுதான் என் பரிந்துரை.

கருத்த மேனியில் தடிப்பின் சிவப்பு, சிவப்பாகவே தெரியாது. ஊதாவாக, பழுப்பாக, சில சமயம் சாம்பலாகத் தெரியும். அதனால் அதே இடத்தில் மறுபக்கத்து நல்ல தோலையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அடுத்து விவரம். எப்போது, எந்த இடத்தில் தொடங்கியது? இரவில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சிரங்கை நினைக்கவேண்டும். விரலிடுக்கையும் மணிக்கட்டையும், கைக்குழந்தைக்கு உள்ளங்கையையும் பாதத்தையும் படமெடுங்கள். குழந்தையின் எடை கட்டாயம் வேண்டும், வாய்வழி மருந்தின் அளவு அதை வைத்துத்தான். இதுவரை பூசிய எல்லாக் களிம்புகளின் அட்டையையும் படமெடுத்து அனுப்புங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரைக்குப் பூசியிருந்தால் அதன் வட்ட விளிம்பு கலைந்துவிடும். படத்தைப் பார்க்கும் மருத்துவர் அதைக் கரப்பான் (எக்ஸிமா) என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

சில நிலைகளில் படம் எடுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. காய்ச்சலோடு ஊதாப் புள்ளிகள் வந்தால் கண்ணாடி டம்ளரின் பக்கத்தைத் தோலில் அழுத்தி, அதன் வழியே பாருங்கள். அழுத்தியும் புள்ளி மறையவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மறைந்தாலும், குழந்தை சோர்ந்து கிடந்தால் அப்போதும் கிளம்பத்தான் வேண்டும். புது மருந்து கொடுத்தபின் வாயிலும் கண்ணிலும் புண் வருவது, உதடு வீங்கி மூச்சு திணறுவது, ஒரு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கொப்புளம், கரப்பான் உள்ள தோலில் திடீரெனக் கொத்துக்கொத்தாக வலிக்கும் புண்கள், இவையும் அப்படித்தான். தலையில் முடி கொட்டிச் செதிலாக இருந்தால் அவசரமில்லை. ஆனால் முடியை எடுத்துப் பரிசோதிக்கவேண்டியிருக்கும், அதற்கு நேரில்தான் போகவேண்டும்.

களிம்பு எழுதித் தந்தால் அளவைக் கேட்டு வையுங்கள். பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். பயந்து துளியூண்டு தொட்டுவைத்தால் கரப்பான் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும்.

மறு ஆலோசனைக்கு அதே ஜன்னல், அதே தூரம், அதே நேரம். கரப்பான் ஆறிய இடத்தில் நிறம் வெளுத்தோ கருத்தோ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். படத்தில் அது நோய் மிச்சமிருப்பதுபோலவே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள்: சொரசொரப்பு இருக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா? படத்தோடு அதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.