சூரியன் காசை விட்டு இறங்கிய காலம்

அவையோருக்கு வணக்கம்.

திரையில் தெரியும் காசைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெண்கலம், ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான். ஒரு பக்கம் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தலை. மறுபக்கம் ஓர் இளைஞன் நிற்கிறான். தலையைச் சுற்றிக் கதிர்கள், உயர்த்திய வலக்கை, இடக்கையில் உலக உருண்டை. விளிம்பில் ‘சோலி இன்விக்டோ கோமிட்டி’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. வெல்லமுடியாத சூரியனுக்கு, துணைவனுக்கு என்று பொருள். யாருக்குத் துணைவன்? பேரரசருக்கு!

கிறித்தவத்தைத் தழுவிய முதல் ரோமப் பேரரசர் என்று பள்ளியில் படித்தோமே, அதே கான்ஸ்டன்டைன்தான். 312இல் மில்வியன் பாலத்துப் போரில் தமக்குக் கிடைத்த வெற்றி கிறித்தவரின் கடவுள் தந்தது என்று நம்பியவர். 313இல் கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தவர். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் லண்டன் முதல் ரோம் வரை பல நாணயச் சாலைகளில் இந்தச் சூரியனை அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். தங்கக் காசில் 325 வரை கூட அவன் இருந்தான்.

இதை இரட்டை வேடம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசு முதலில் யார் கைக்குப் போகிறது? படைவீரனின் கைக்கு. அந்த வீரர்களில் பெரும்பாலோர் பழைய தெய்வங்களை வணங்கியவர்கள். 274இல் பேரரசர் ஆரேலியன் ரோம் நகரில் கோயில் எழுப்பியதிலிருந்து சூரியன் அரசுக்கே காவல் தெய்வம். வீரனின் சம்பளத்திலிருந்து அவன் சாமியை ஒரே நாளில் உருவிவிட முடியுமா?

318 வாக்கில் வெண்கலக் காசுகளில் சூரியன் மறையத் தொடங்குகிறான். ஆனால் அந்த இடத்துக்குச் சிலுவை வரவில்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வந்தவை ஒரு கோட்டை வாயில், ஒரு வாகை மாலை, படைக்கொடிகளின் இருபுறமும் இரண்டு வீரர்கள். எந்தச் சமயத்தாரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளக்கூடிய படங்கள். சந்தையில் மீன் வாங்குகிறவருக்குத் தம் காசில் தெய்வம் இல்லை என்பதே பல நாள் கழித்துத்தான் உறைத்திருக்கும். கிறித்தவ அடையாளம் அரிதாகவே தலைகாட்டியது. 315ஆம் ஆண்டு வெள்ளிப் பதக்கம் ஒன்றில், பேரரசரின் தலைக்கவசத்தின் மேல், கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பிணைத்த முத்திரை இருக்கிறது. உருப்பெருக்கி வைத்துத்தான் தேட வேண்டும். 327இல் கான்ஸ்டான்டினோபிளில் வெளியான காசில் அதே முத்திரை கொடிக்கம்பத்தின் உச்சியில் ஏறிவிட்டது. கம்பத்தின் அடி ஒரு பாம்பைக் குத்தி நிற்கிறது.

என் மனத்தை மிகவும் தொட்டது அடுத்த படம். 337இல் கான்ஸ்டன்டைன் இறந்த பிறகு அவருடைய மகன்கள் வெளியிட்ட சின்னஞ்சிறு காசு. ஒரு பக்கம் முக்காடிட்ட தலை. ‘தெய்வமானவர்’ என்று பழைய ரோம முறைப்படி எழுத்து. மறுபக்கம் நான்கு குதிரை பூட்டிய தேரில் அவர் வானேறுகிறார். தேர், சூரியன் ஏறிவந்த அதே தேர்தான். மேலே பாருங்கள், ஒரு கை கீழ்நோக்கி நீள்கிறது. யூதரும் கிறித்தவரும் கடவுளைக் குறிக்க வரைந்த கை அது. விரல் நகம் அளவுக் காசில் இரண்டு உலகங்களும் ஒன்றாக இருக்கின்றன. திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் இந்தக் காசை மகிழ்ச்சியோடு விவரிக்கிறார்.

கடைசியாக ஒன்று. 391, 392இல் பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடை செய்தார். அதே ஆண்டுகளில் புழங்கிய செப்புக் காசு இது. சிறகுள்ள வெற்றித் தெய்வம் விக்டோரியா ஒரு கைதியை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். அவளுக்கு முன்னால் கிறிஸ்துவின் முத்திரை. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் இலங்கையிலும் இந்தக் காலத்து ரோமச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. பலியை ஒழித்தவர்களால் விக்டோரியாவை ஒழிக்க முடியவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் முதலாம் ஜஸ்டின் காலத்துத் தங்கக் காசில் அவள் ஆண் உருவம் எடுத்து, கையில் நீண்ட சிலுவையோடு, தேவதூதனாக நிற்கிறாள்.