பல் துலக்கும் காட்சி

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு ஆண்கள் இரவு உடையில் கண்ணாடி முன்னால் நின்று பல் துலக்குகிறார்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஏதோ பேசிக்கொள்கிறார்கள். காட்சி அவ்வளவுதான். நடப்பது ஒரு விண்கலத்துக்குள். ஒருவர் மருத்துவர், இன்னொருவர் விஞ்ஞானி, இருவரும் இணையர். 2017இல் 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' தொடரில் வந்தது. முத்தத்தைவிட இந்தப் பல் துலக்கல்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

மருத்துவராக நடித்தவர் வில்சன் க்ரூஸ், தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக வாழ்பவர். விஞ்ஞானியாக நடித்த ஆண்டனி ராப்பும் அப்படியே. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது எளிதில் வந்துவிடவில்லை. 1977இல் 'சோப்' என்ற நகைச்சுவைத் தொடரில் தன்பால் ஈர்ப்பாளர் ஒருவர் முக்கியப் பாத்திரமாக வந்தார். போகப்போக அவரைப் பெண்களோடு காதலில் தள்ளிவிட்டார்கள். 1989இல் 'தர்ட்டிசம்திங்' தொடரில் இரண்டு ஆண்கள் ஒரே படுக்கையில் உட்கார்ந்து பேசினார்கள், பேச மட்டுமே செய்தார்கள். அதற்கே விளம்பரதாரர்கள் விலகினார்கள், தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம்.

க்ரூஸ் வந்தது 1994இல், 'மை ஸோ கால்ட் லைஃப்' தொடரில். ரிக்கி என்ற பள்ளி மாணவன் வேடம். கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, பெண்களின் கழிவறையில் தோழிகளோடு அரட்டை அடிக்கும் பையன். க்ரூஸின் சொந்த வாழ்க்கையும் அதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. தன்னைப் பற்றி அப்பாவிடம் சொன்னதும், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் க்ரூஸ் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். சில மாதம் காரிலேயே காலம் தள்ளினார். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் பகுதியில் ரிக்கியும் வீடில்லாமல் தெருவில் நிற்கிறான். அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவும் மகனும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். தொடர் 19 பகுதிகளோடு நின்றுபோனது. கடைசிப் பகுதியில்தான் ரிக்கி தன்னைப் பற்றி வாய்விட்டுச் சொல்கிறான்.

சிறு வயதில் தன்னைப் போன்ற ஒருவரைத் திரையில் பார்க்க ஏங்கியதையும், அப்படி ஒருவராகத் தானே இருக்க விரும்பியதையும் க்ரூஸ் பேட்டிகளில் சொல்லிவருகிறார். 'நடிப்பவன் யாராயிருந்தால் என்ன, நடிப்புதானே' என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியவன்தான். ரிக்கியைப் பார்த்த பிறகு அந்த வாதத்தை அவ்வளவு சத்தமாகப் பேசுவதில்லை.

சரி, அந்த மருத்துவருக்கு வருவோம். பல் துலக்கி மூன்று மாதம் ஆகவில்லை, 2018 ஜனவரியில் கழுத்தை முறித்துக் கொன்றுவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. 2016இல்தான் 'தி ஹண்ட்ரட்' தொடரில் லெக்ஸா என்ற பெண், தன் காதலியோடு சேர்ந்த கையோடு, குறி தவறிய தோட்டாவுக்குப் பலியாகியிருந்தாள். இப்படிப்பட்ட பாத்திரங்களுக்குக் காதல் கிடைத்தால் அடுத்தது சாவு என்பது பார்வையாளர்களுக்கு மனப்பாடம். இந்த முறை, கதை இதோடு முடியவில்லை என்று தயாரிப்பாளர்களும் க்ரூஸும் உடனே சொன்னார்கள். 2019இல் மருத்துவர் உயிரோடு திரும்பினார். உயிர்ப்பித்த விதம் அறிவியலா மாந்திரீகமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

திரையில் இத்தகைய பாத்திரங்களின் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்தப் பாத்திரம் எத்தனை பகுதி உயிரோடு இருக்கிறது, காதலையும் கண்ணீரையும் விட்டால் செய்வதற்கு அதற்கு வேறு வேலை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

1994இல் தெருவில் நின்ற ரிக்கியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனவர் ஒரு பள்ளி ஆசிரியர், அவரும் தன்பால் ஈர்ப்பாளர். 2020இல் அதே விண்கலத்துக்கு ஆதிரா என்ற இளம் வயதினர் வந்து சேர்கிறார். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாதவர், துணைக்கு ஆளில்லாதவர். மருத்துவரும் விஞ்ஞானியும் அவரைத் தங்கள் பிள்ளைபோல் சேர்த்துக்கொள்கிறார்கள். ரிக்கியாக நடித்த பையனுக்கு அப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

வணக்கம்.