4 வீல் ஓட்டோ கியர் பாக்ஸ் 2 வீல் பிக்கப்புல ஏறுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு எடுத்துக்கிட்ட கேள்வி தாப்பாவிலேருந்து ஒரு தம்பி அனுப்புனது. படிக்கிறேன். "அண்ணே, என்கிட்ட பழைய டொயோட்டா பிக்கப் இருக்கு. என்ஜின் பின் வீலை மட்டும் ஓட்டற 2 வீல் வண்டி, ஓட்டோ கியர். கேமரன் மலையிலேருந்து செலாயாங் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏத்துறேன். மேட்டுல கியர் வழுக்குது. பழைய வண்டிச் சாமான் விக்கற ஹாஃப் கட் கடையில என் பாக்ஸ் இல்ல. அதே ஏ340 வகையில 4 வீல் பாக்ஸ் இருக்கு, பழசக் குடுத்தா விலையில கழிச்சுக்கிறேன்னு கடை முதலாளி தவுக்கே சொல்றாரு. மாட்டலாமா?"

தம்பி, முதல் வேலையா ஒண்ணு சொல்லிடறேன். பழசக் குடுத்துடாதீங்க. உங்களுக்கு வேண்டிய சாமான் அதுக்குள்ளதான் இருக்கு. அது ஏன்னு இப்பக் காட்டுறேன்.

கேமராவக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாப்பா. இந்த மேசையில ரெண்டு ஷாஃப்ட் வச்சிருக்கேன். நீளமா இருக்கறது 2 வீல் பாக்ஸோட அவுட்புட் ஷாஃப்ட், குட்டையா இருக்கறது 4 வீலோடது. பாக்ஸோட முன்பக்கம், நடு வயிறு எல்லாம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம் வால்ல இருக்கு. 2 வீல்ல ஷாஃப்ட் நீளமா வெளிய வரும், அது மேல வால் ஹவுசிங் மூடியிருக்கும், அதோட நுனியில ஒரு புஷ், ஒரு ஆயில் சீல். பின் வீலுக்குச் சுத்தலைக் கொண்டு போறது புரொபெல்லர் ஷாஃப்ட்டு. அதோட முனையில இருக்கற யோக், அவுட்புட் ஷாஃப்ட்டோட பல்லு மேல ஏறிக்கிட்டு, வண்டி குழியில விழுந்து எழும்பும்போதெல்லாம் முன்னயும் பின்னயும் நகரும். 4 வீல்ல இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. குட்டை ஷாஃப்ட் நேரா டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ள, அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் சுத்தலைப் பிரிச்சு அனுப்பற பெட்டிக்குள்ள, போயிடும். டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழட்டிட்டா யோக் உக்கார இடமில்ல, எண்ணெயைத் தடுக்க சீலும் இல்ல.

"அப்போ ஷாஃப்ட்டை மட்டும் மாத்திட்டாப் போதுமே"ன்னு நிறையப் பேர் கேக்கறாங்க. அது பின்னாலேருந்து உருவுற சாமான் இல்லீங்க. முன்பக்கமா எண்ணெய் பம்ப்பு, டிரம்மு, கிளட்ச் பிளேட்டு, பிளானட்டரி கியருன்னு வரிசையா வெளிய எடுத்துட்டு வந்தா, கடைசியாதான் அவுட்புட் ஷாஃப்ட் கைக்கு வரும். ஆக, முழுப் பாக்ஸையும் பிரிக்கணும். பிரிக்கத் துணிஞ்சா வழி இருக்கு. உங்க பழைய பாக்ஸோட ஷாஃப்ட்டு, வால் ஹவுசிங்கு, ஸ்பீட் சென்சர், அதோட கியரு எல்லாத்தையும் எடுத்து, தவுக்கேயோட பாக்ஸுக்குள்ள சேத்துக் கட்டலாம். பழசக் குடுக்காதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான். ஆனா வருஷம் வேறயா இருந்தா, கட்டறதுக்கு முன்ன ரெண்டு ஷாஃப்ட்டையும் பக்கத்துல வச்சு பல்லு எண்ணிப் பாருங்க. கேஸோட பின்முகத்துல போல்ட் ஓட்டையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்.

கடைக்குப் போறதுக்கு முன்ன எழுத்தையும் பாத்துக்குங்க. ஏ340இ பின் வீல் வண்டிக்கு. ஏ340எஃப் 4 வீலுக்கு, நான் இப்ப சொன்னது அந்தப் பாக்ஸுக்குத்தான். ஏ340ஹெச்னு இருந்தா தொடவே தொடாதீங்க. அதுல டிரான்ஸ்ஃபரும் பாக்ஸும் ஒரே எண்ணெயில, ஹைட்ராலிக் கண்ட்ரோல்ல சேந்து ஓடற ஏற்பாடு.

சென்சரப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும். பாக்ஸ் எந்த வேகத்துல ஓடுதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியணும், அப்பத்தான் கியர் சரியா மாறும். அமெரிக்க பிக்கப்புல வர்ற 4எல்60இ பாக்ஸ எடுத்துக்குங்க. 2 வீல்ல சென்சர் வால் ஹவுசிங்குல இருக்கும், 4 வீல்ல டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருக்கும். டிரான்ஸ்ஃபரக் கழட்டினா சென்சரும் அதோட போயிடும். எனக்கே இது நடந்திருக்கு. பல வருஷத்துக்கு முன்ன ஒரு வண்டிய இப்படிக் கட்டி ரோட்டுல விட்டேன், கியர் மாறவே இல்ல. ரெண்டு நாள், கியர் மாத்தற எண்ணெயை வழிப்படுத்தற வால்வ் பாடியைச் சந்தேகப்பட்டு அதைப் பிரிச்சேன். கடைசியில பாத்தா சென்சர் வயர் சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அந்த ரெண்டு நாளும் வண்டிக்காரருக்குப் பொழப்பு இல்ல. அதுலேருந்து பாக்ஸைக் கையில தொடறதுக்கு முன்ன சென்சர் எங்கன்னு பாத்துடுவேன்.

இன்னொரு வழியும் சொல்வாங்க. டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழட்டாம அப்படியே மாட்டி, முன் ஷாஃப்ட் இல்லாம 2 வீல்ல ஓட்டறது. ஓடும், இல்லேன்னு சொல்லல. ஆனா புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் குட்டையாக்கி பேலன்ஸ் பண்ணணும், பாக்ஸைத் தாங்கற கிராஸ் மெம்பரை நகர்த்தணும், எடையும் கூடும். இதெல்லாம்கூடப் பரவாயில்ல. எனக்குப் பயம் வேற எடத்துல. 'பி'ல போட்டாப் பூட்டற பூட்டு கியர் பாக்ஸுக்குள்ள இருக்கு, டிரான்ஸ்ஃபர் அதுக்குப் பின்னால. டிரான்ஸ்ஃபர் லீவர் தவறி நியூட்ரல்ல விழுந்துட்டா, 'பி'ல போட்டிருந்தாலும் வண்டி உருளும். ரிங்லெட் பக்கம் சரிவுல மூட்டை ஏத்திட்டு நிக்கற வண்டிக்கு இது வேணாம் தம்பி. கண்டிப்பா அப்படித்தான் செய்யணும்னா லீவரை 2 வீல்ல நகராதபடி போல்ட் போட்டுக் கட்டிடுங்க. ஹேண்ட் பிரேக் இல்லாம இறங்கவே கூடாது.

இதோ, இந்த யோக்கையும் பாருங்க. வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கு. நகத்த வச்சு இழுத்தா ஒரு கோடு தட்டுது. சீல் உக்கார்ற தடம் அது. இந்த மாதிரி யோக்குல புது சீல் போட்டாலும் ஒழுகும், யோக்கையும் மாத்திடுங்க. என்ஜினையும் பாக்ஸையும் சேக்கற டார்க் கன்வெர்ட்டர் உங்க என்ஜினுக்குப் பொருந்தணும். டீசல் பெட்ரோல்னு மாறிப் போச்சுன்னா சரியா வராது. பழைய பாக்ஸ் வழுக்கினதால எரிஞ்ச கிளட்ச் தூள் கூலர்லயும் குழாய்லயும் நின்னிருக்கும். அதைக் கழுவாம மாட்டினா புதுசும் அந்தத் தூளைத்தான் குடிக்கும்.

தவுக்கேகிட்டப் போனதும் காசு குடுக்கறதுக்கு முன்ன, பாக்ஸோட அடித் தட்டைக் கழட்டச் சொல்லுங்க. உள்ள காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நிறத்துல மெல்லிசாச் சேறு மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். இரும்புத் துண்டு கிடந்தாலோ, எண்ணெய் கருத்துப் போய் எரிஞ்ச வாடை அடிச்சாலோ, எத்தனை வெள்ளி குறைச்சாலும் வாங்காதீங்க.