எத்தனை என்று கேட்டால் போதாது, யார் யார் என்று கேளுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

ஓர் ஓடையைக் காட்டி, "இதில் எத்தனை வகை மீன் இருக்கிறது?" என்று கேட்டால் பதில் சுலபம் என்று தோன்றும். வலையைப் போடு, பிடி, எண்ணு. இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது எப்படி என்று பல்லாண்டுகள் யோசித்தவர் ஆன் மகரன். ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர், டிரினிடாட் ஓடைகளிலும் அமேசான் வெள்ளக்காட்டிலும் மீன்களை ஆராய்ந்தவர். அவருடைய ஆய்வுகளை ஒட்டியே இன்று பேசுகிறேன்.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். சிற்றோடைகளில் வழக்கமாகக் கையாளும் முறை ஒன்று உண்டு. ஓடையில் ஒரு துண்டைத் தேர்ந்து, மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறுக்கே வலை கட்டி அடைப்பார்கள். வலைக்கு அடியில் மீன் நழுவிவிடக் கூடாது என்று அதன் விளிம்பின் மேல் கற்களை அடுக்குவார்கள். பிறகு தண்ணீரில் அளவாக மின்சாரம் பாய்ச்சி, மயங்கும் மீன்களைக் கைவலையால் அள்ளி வாளியில் விடுவார்கள். ஒரு தடவையோடு விடுவதில்லை. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்று தொடரும். ஒவ்வொரு தடவையும் பிடிபடுவது குறையும், அது எந்த வேகத்தில் குறைகிறது என்பதை வைத்து, இன்னும் பிடிபடாமல் எத்தனை இருக்கும் என்று கணக்கிடுவார்கள். ஒவ்வொரு மீனாக இனம் பார்த்து, அளந்து, மறுபடி ஓடையிலேயே விட்டுவிடுவார்கள்.

சரி, எண்ணியாகிவிட்டது. இப்போது இரண்டு வாளிகளை மனதில் வையுங்கள். இரண்டிலும் 100 மீன், இரண்டிலும் 5 இனம். முதல் வாளியில் இனத்துக்கு 20 மீன். இரண்டாவதில் ஒரே இனம் 96, மற்ற நான்கும் ஒவ்வொன்று. "5 இனம்" என்று மட்டும் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆனால் பார்த்த கண்ணுக்கு அவை ஒன்றல்ல. இதற்கு 1949இல் எட்வர்ட் சிம்ப்சன் ஓர் அளவு தந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதக் குறியீடுகளை உடைத்த குழுவில் இருந்தவர் அவர். அவர் கேட்டது இவ்வளவுதான்: கண்ணை மூடிக்கொண்டு ஒரு மீனை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு, இன்னொரு தடவை எடுத்தால், இரண்டும் ஒரே இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? முதல் வாளியில் 20 சதவீதம். இரண்டாவதில் 92 சதவீதத்துக்கும் மேல். அங்கே எந்த மீனை எடுத்தாலும் ஏறக்குறைய அதே முகம்தான்.

அந்த ஒற்றை மீன்களை ஒதுக்கிவிடாதீர்கள். அரிதான இனங்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்பது சூழலியலில் பழைய புதிர். 2003இல் மகரனும் பீட்டர் ஹெண்டர்சனும் இதைப் பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆறு அல்ல, இங்கிலாந்தில் ஆற்று நீர் கடலோடு கலக்கும் பிரிஸ்டல் கால்வாய்க் கழிமுகம். அங்கே ஒரு மின்நிலையம் உறிஞ்சும் நீரோடு வந்து சல்லடையில் சிக்கும் மீன்களை 21 ஆண்டுகள் எண்ணிவந்த கணக்கு அவர்களிடம் இருந்தது. அதில் மீன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஆண்டு தவறாமல் இருக்கும் குடியிருப்புக்காரர்கள் ஒரு பக்கம், எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போகும் விருந்தாளிகள் மறுபக்கம். பட்டியலை நீளமாக்கிய அரிய இனங்களில் பெரும்பகுதி விருந்தாளிகள். ஒரே ஒரு தடவை வலை போட்டுப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

அப்புறம் வந்தது இன்னும் பெரிய கேள்வி. 2014இல் மரியா டோர்னெலாஸ், மகரன் உள்ளிட்ட குழுவினர், நிலம், கடல், நன்னீர் என்று உலகின் பல இடங்களில் எடுத்த 100 நீண்டகாலக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் இனங்களின் எண்ணிக்கை சரிந்திருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி ஒரு பொதுவான சரிவு தெரியவில்லை. சில இடங்களில் கூடியிருந்தது, சில இடங்களில் குறைந்திருந்தது. ஆனால் பெரும்பாலான இடங்களில் பழைய இனங்கள் போய்ப் புதியவை வந்து, ஆள் மாறியிருந்தன, அதுவும் எதிர்பார்த்ததைவிட வேகமாக.

இதைக் கேட்டு "அப்படியானால் கவலையில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பூமிப்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத நன்னீரில்தான் உலக மீனினங்களில் ஏறக்குறைய பாதி வாழ்கிறது. மதிப்பிடப்பட்ட நன்னீர் மீனினங்களில் நான்கில் ஒன்று அழிவின் ஆபத்தில் இருப்பதாக 2023இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஓர் ஏரியில் மட்டுமே உள்ள ஓர் இனம் போய், எங்கும் கிடைக்கும் கெண்டை அங்கே வந்தால், ஏரியின் எண்ணிக்கை மாறாது. உலகத்துக்கு ஓர் இனம் குறைந்துவிடும்.

இது கற்பனை பயம் அல்ல. அமெரிக்க மாநிலங்களின் மீன் பட்டியல்களை ஃபிராங்க் ரேஹல் 2000இல் ஒப்பிட்டார். ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் ஒரு மீனினம்கூடப் பொதுவாக இல்லாத மாநில ஜோடிகள் 89 இருந்தன. அவர் ஒப்பிட்டபோது அந்த ஜோடிகளுக்குச் சராசரியாக 25 இனங்கள் பொதுவாகியிருந்தன. உணவுக்கும் தூண்டில் விளையாட்டுக்கும் என்று மனிதர் கொண்டுபோய் விட்டவைதான் இதற்கு முக்கியக் காரணம். இனங்கள் கூடிய மாநிலங்கள் பல. ஆனால் அவை ஒன்றையொன்று நகலெடுத்ததுபோல் ஆகிக்கொண்டிருக்கின்றன.

அதனால்தான் ஓர் ஆற்றைப் பற்றி "இனங்கள் குறையவில்லை" என்று அறிக்கை வந்தால் நான் பெயர்ப்பட்டியலைக் கேட்பேன். முப்பது ஆண்டுக்கு முந்தைய பட்டியலையும் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். பல இடங்களில் அந்தப் பழைய பட்டியல் இருக்காது. அன்று யாரும் எண்ணவில்லை, அல்லது வேறு வலையால், வேறு பருவத்தில் எண்ணினார்கள், ஒப்பிட வழியில்லை. பிரிஸ்டல் கால்வாயில் அது இருப்பதற்குக் காரணம், 1981 முதல் மாதாமாதம் அதே இடத்துக்குப் போய், அதே முறையில், அந்தச் சல்லடையில் கிடந்த மீன்களை எண்ணி எழுதிவைத்ததுதான்.