முகம் எப்படித் துரோகம் செய்யும்? – பிட்ரே என்ற சொல் பற்றி ஒரு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நானும் ஒரு காலத்தில் அதே இடத்தில் விழுந்து எழுந்தவன் என்பதால் சிரித்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "சார், ஆங்கில நாளிதழில் ஒரு நீதிமன்றச் செய்தி. 'ஹிஸ் ஃபேஸ் பிட்ரேட் நோ எமோஷன்' என்று இருந்தது. பிட்ரே என்றால் துரோகம் செய்வது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 'அவன் முகம் எந்த உணர்ச்சிக்கும் துரோகம் செய்யவில்லை' என்று வருகிறது. இது சரியா?"

சரியில்லைதான். ஆனால் தப்பு அவர் மேல் இல்லை. நம் அகராதிகளும் கைடுகளும் அந்தச் சொல்லுக்கு எதிரே 'துரோகம்' என்று ஒற்றை வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. துரோகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இருக்கிறது: காட்டிக்கொடு.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வாருங்கள். 'அவன் முகம் எந்த உணர்ச்சியையும் காட்டிக்கொடுக்கவில்லை.' அவ்வளவுதான். தீர்ப்பைக் கேட்டபோது உள்ளே என்ன ஓடியதோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற இரண்டு பெரிய அர்த்தங்களும் நம் காட்டிக்கொடுப்பதில் அப்படியே இருக்கின்றன. எதிரியிடம் ஆளைக் காட்டிக்கொடுப்பது ஒன்று. மறைக்க நினைத்ததை முகமோ குரலோ கையோ தன்னை அறியாமல் காட்டிக்கொடுப்பது இன்னொன்று.

இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க பைபிளில் மத்தேயு 26ஆம் அதிகாரத்தைச் சொல்லலாம். இயேசுவின் சீடன் யூதாஸ் முப்பது வெள்ளிக்காசு வாங்கிக்கொண்டு அவரைப் பிடித்துக் கொடுக்கிறான். இரவு நேரம், வந்திருக்கிற கூட்டத்துக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டும். நான் யாரை முத்தமிடுகிறேனோ அவர்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான். கவனியுங்கள், முதலில் காட்டுகிறான், பிறகு கொடுக்கிறான். தமிழ் பைபிளில் 'காட்டிக்கொடுத்தான்' என்று வருகிறதே, அதைவிடக் கச்சிதமாக யாரும் சொல்ல முடியாது.

அதே அதிகாரத்தின் கடைசியில் இன்னொரு சீடரான பேதுரு பிரதான ஆசாரியரின் முற்றத்தில் நிற்கிறார். அந்த ஆளை எனக்குத் தெரியாது என்கிறார். சுற்றி நிற்பவர்கள் விடவில்லை, நீயும் அவர்களில் ஒருவன்தான், உன் பேச்சே சொல்கிறதே என்கிறார்கள். இயேசுவைப் போலவே அவரும் கலிலேயாப் பகுதிக்காரர், எருசலேம்காரர்கள் காதுக்கு அது தனியாகக் கேட்டிருக்கிறது. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இந்த இடம் 'யுவர் ஆக்சென்ட் பிட்ரேஸ் யூ' என்றே வருகிறது. பேச்சுக்குப் பேதுரு மேல் என்ன பகை? ஒன்றும் கிடையாது. அவர் மறைத்ததை அது வெளியே போட்டுவிட்டது. (1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இதே இடத்தில் பிட்ரே இல்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிக்கிற வேறொரு பழைய வினைச்சொல் இருக்கிறது. 'வெளிப்படுத்து' என்பது அதன் பொருள். அது இப்போது வழக்கில் இல்லை.)

நம் ஊரிலும் இது தினமும் நடக்கிறதே. சென்னைக்கு வந்து இருபது வருடம் ஆன மதுரைக்காரர் பேச்சை எவ்வளவு தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தாலும், அவசரத்தில் ஒரு 'அங்கிட்டு' விழுந்தால் போதும். கதை முடிந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதல் நாள் வகுப்பெடுத்தபோது குரலை நன்றாகவே கட்டுப்படுத்தி வைத்திருந்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று மூன்று முறை ஒத்திகை பார்த்த குரல் அது. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தேன். சாக்பீஸ் உடைந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் உடைந்தது. முதல் பெஞ்சில் இருந்த ஒரு பையன் மெதுவாகத் தன் தண்ணீர் பாட்டிலை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. 'மை ஹேண்ட்ஸ் பிட்ரேட் மை நெர்வஸ்னெஸ்.' இந்தப் பயன்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை, அந்தப் பாட்டிலிடம் கற்றேன்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். இங்கேதான் 'துரோகம்' நம்மை உண்மையிலேயே கவிழ்க்கிறது. தமிழில் 'எனக்குத் துரோகம் செய்தான்' என்கிறோம். அந்த 'க்கு'வை அப்படியே தூக்கிக்கொண்டு போய் 'ஹி பிட்ரேட் டு மீ' என்று எழுதிவிடுகிறோம். தப்பு. 'ஹி பிட்ரேட் மீ' என்று நேராக வர வேண்டும், நடுவில் 'டு' கிடையாது. அந்த 'டு' யாருக்கு என்றால், எதிரிக்கு. 'ஹி பிட்ரேட் ஹிஸ் ஃப்ரெண்ட் டு த போலீஸ்': நண்பனைப் போலீஸிடம் காட்டிக்கொடுத்தான். துரோகத்தை விட்டுவிட்டுக் காட்டிக்கொடுப்பதை மனதில் வைத்துப் பாருங்கள், இலக்கணம் தானாகச் சரியாகிவிடும். 'என்னை'க் காட்டிக்கொடுத்தான், 'போலீஸிடம்' காட்டிக்கொடுத்தான். தமிழில் 'ஐ' உருபு வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் வெறும் பெயர், 'இடம்' வருகிற இடத்தில் 'டு'.

சொல்லின் வேரிலும் இந்தக் 'கொடு' இருக்கிறது. லத்தீனில் ட்ராதரே என்றால் ஒப்படைப்பது, கைமாற்றுவது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ட்ரெயிட்டர் (துரோகி), ட்ரீசன் (ராஜதுரோகம்) எல்லாம் அதன் பங்காளிகள். வேடிக்கை என்னவென்றால் ட்ரெடிஷனும் அதே வீட்டுப் பிள்ளைதான். தாத்தா பேரனிடம் ஒப்படைத்தால் மரபு, எதிரியிடம் ஒப்படைத்தால் துரோகம்! வியாபாரம் என்ற பொருளில் வருகிற ட்ரேடையும் சிலர் இதில் சேர்த்துவிடுவார்கள், அதற்கு வேர் வேறு.

அதற்காகக் காட்டிக்கொடு எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கட்டிய மனைவியை, கூட்டாளியை, கட்சியை, சொந்தக் கொள்கையை ஒருவர் கைவிடும்போதும் இதே ஆங்கிலச் சொல்தான் வரும். அங்கே துரோகம்தான் சரி. கிராமத்தில் இதற்கு இன்னும் அழகாக ஒரு சொல் உண்டு, ரெண்டகம். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதே என்பார்கள். இரண்டு அகம், அதாவது இரண்டு மனம். சாப்பிடுவது ஒரு மனம், கெடுப்பது இன்னொரு மனம்.

ஏமாற்றுவது என்ற பொருளில் வருகிற 'சீட்' என்பதும் இதுவும் ஒன்றா என்று அடுத்து கேட்பீர்கள். ஒன்றில்லை. முன்பின் தெரியாத கடைக்காரர் எடையில் கை வைத்தால் அது சீட். அவர் உங்களை பிட்ரே செய்ய முடியாது, ஏனென்றால் அவரிடம் நீங்கள் மனதை ஒப்படைக்கவில்லை, ஒரு கிலோ தக்காளிக்குக் காசைத்தான் கொடுத்தீர்கள். அதே எடையைக் கூடப் பிறந்த அண்ணன் குறைத்தால் இந்தச் சொல் பொருந்தும். 'ஐ ஃபீல் பிட்ரேட்' என்று ஒருவர் சொன்னால், நஷ்டத்தை விட நம்பியதுதான் அவருக்கு வலிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

துரோகி என்பதற்கு நாம் எட்டப்பன் என்று பேர் வைத்திருப்பதைப் போல, ஆங்கிலத்தில் 'க்விஸ்லிங்' என்பார்கள். நார்வேயில் ஹிட்லரின் படைகளோடு கைகோத்தவர் அவர், 1945இல் மரண தண்டனை. நம் எட்டப்பனுக்கு அந்தப் பேர் முழு நியாயமா என்பது வேறு பேச்சு. கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. வேர்ப்பொருளைப் பார்த்தால் பட்டம் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டலும் கேட்டிருந்தார். கடைசியில் ஏ, ஒய். ஒய்க்கு முன்னால் உயிரெழுத்து இருப்பதால் இறந்தகாலத்திலும் ஒய் மாறாது, அப்படியே இ, டி சேர்த்தால் போதும். ட்ரை என்பதில் மாறுகிற மாதிரி இங்கே மாற்றிவிடாதீர்கள். அழுத்தம் இரண்டாவது அசையில், பிட்ரே. பெயர்ச்சொல் பிட்ரேயல்.

அப்புறம் ஒன்று. பிட்ரோத் என்று இன்னொரு சொல் இருக்கிறது, அது நிச்சயதார்த்தம். நிச்சயதார்த்த அழைப்பிதழில் இரண்டையும் மாற்றி அச்சடித்துவிட்டால் பெண் வீட்டார் கேட்கப்போகும் சந்தேகங்களுக்கு என்னிடம் விளக்கம் கிடையாது. சரி, அடுத்த கேள்வியை எடுப்போம்.